இடது கைக்கு என்ன வேலை?

விண்கல சிமுலேட்டருக்கு எந்த ஜாய்ஸ்டிக் வாங்கலாம்னு யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "நல்ல ஸ்டிக் ஒண்ணு, பக்கத்துல பெருசா ஒரு த்ராட்டில், முடிஞ்சா காலுக்கு ஒரு ஜோடி பெடல். இது மூணும் இல்லாம உக்காராதே." இது விமானம் ஓட்டறவங்களுக்கான பதில். விண்கலத்துக்கு இதுல பாதி தேவையே இல்ல. அதுவும் காசு அதிகமா முழுங்கற பாதி!

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் சண்டைக்கு வரவங்க வரலாம். வலது கைக்கு ட்விஸ்ட் வசதி இருக்கிற சுமாரான ஸ்டிக் ஒண்ணு. இடது கைக்கு தனியா ஒரு யூஎஸ்பி நம்பர் பேட். அதாங்க, லேப்டாப்ல கணக்கு எழுதறவங்க சொருகி வச்சிருப்பாங்களே, அதேதான். இது போதும். "போதும்"னு மனசைத் தேத்திக்கறதுக்காக சொல்லல. நிஜ விண்கலத்துக்கு அந்த பெரிய த்ராட்டிலை விட இது நெருக்கம்.

எப்படின்னு கேப்பீங்க. கொஞ்சம் பொறுமையா வாங்க.

ஒரு விண்கலத்துக்கு ஆறு விதமான அசைவு உண்டு. மூணு திரும்பறது: மூக்கை மேல கீழ (பிட்ச்), மூக்கை இடம் வலம் (யா), அப்படியே உருள்றது (ரோல்). மூணு நகர்றது: முன்ன பின்ன, இடம் வலம், மேல கீழ. விமானத்துல இந்த ரெண்டாவது மூணுல ஒண்ணுதான் உங்க கையில இருக்கு, அதாவது முன்னாடி போறது. அதனாலதான் இடது கைக்கு த்ராட்டில் குடுத்தாங்க. விண்கலத்துல மூக்கை எங்கயோ வச்சுக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல போகலாம். ரெண்டு கலம் ஒட்டிக்கிற வேலையே, அதாவது டாக்கிங், இந்த நண்டு நடையாலதான் நடக்குது.

அப்போலோ விண்கலத்துல வலது கைக்கு ஒரு பிடி, இடது கைக்கு ஒரு பிடி. வலது திருப்பறதுக்கு, இடது நகர்த்தறதுக்கு. ரஷ்யாவோட சோயுஸ்லயும் இதே ஏற்பாடுதான், இடது நகர்த்த, வலது திருப்ப. அமெரிக்காவும் ரஷ்யாவும் எதுல ஒத்துப் போனாங்களோ இல்லையோ, இதுல ஒத்துப் போயிருக்காங்க :-)

இதுல இன்னொரு சங்கதி இருக்கு. அப்போலோவோட அந்த இடது கை பிடி அடிப்படையில ஒரு சுவிட்ச் கூட்டம். தள்ளினா ஆன், விட்டா ஆஃப். "கொஞ்சமா தள்ளினா கொஞ்சமா நகரும்"கிற கதையே கிடையாது. ஏன்னா அந்த சின்ன சின்ன உந்து எஞ்சின்களே அப்படித்தான், எரியும் இல்ல அணையும், நடுவுல எதுவும் இல்ல. எவ்வளவு வேகம் வேணுமோ அவ்வளவு நேரம் தட்டணும். தட்டி விட்டு தட்டி விட்டு ஓட்டறது. இதுக்கு நம்பர் பேட் பட்டனை விடப் பொருத்தமா என்ன வேணும்? ஆயிரக்கணக்குல குடுத்து வாங்கற வழவழா த்ராட்டில், இல்லாத ஒரு வித்தைக்கு வாங்கற கருவி.

"அப்ப பெரிய எஞ்சினுக்கு?"ன்னு ஒருத்தர் கை தூக்கறது தெரியுது. சுற்றுப்பாதையில பெரிய எஞ்சினை இத்தனை செகண்ட்னு கணக்குப் போட்டு முழுசா எரிச்சு அணைக்கிறதுதான் வழக்கம். கூட்டிக் குறைக்கற தேவை முக்கியமா வர்றது இறங்கும்போது. அப்போலோவோட நிலா இறங்குகலத்துக்கு வேகம் கூட்டிக் குறைக்கற எஞ்சின் இருந்துச்சு. அதுக்கு உங்க ஸ்டிக்கோட அடியிலயே சின்னதா ஒரு ஸ்லைடர் இருக்கும். அது தாராளம்.

சரி, எந்த ஸ்டிக்?

லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ ரொம்ப வருஷமா இருக்கிற குதிரை. ட்விஸ்ட் உண்டு, ஸ்லைடர் உண்டு, 12 பட்டன். த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் அதை விட ஒரு படி மேல. இதுல ஸ்டிக்கோட அசைவை காந்தமும் ஹால் சென்சாரும் பாத்துக்குது. அந்த சென்சார்ல உரசற பாகம் இல்ல, அதனால அது தேயற பேச்சு இல்ல. இடது கை பழக்கம் உள்ளவங்களுக்கு பாகங்களைக் கழட்டி மாத்திப் போட்டுக்கற வசதியும் இருக்கு. நிறைய பேர் இதையே ரெண்டு வாங்கி ரெண்டு கையிலயும் வச்சுக்கறாங்க. கையில காசு இருந்தா பண்ணுங்க, நான் குறுக்க நிக்கல.

நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஆரம்பாக்கத்துல, ஏரிக்கரையில, உப்புக்காத்து என்ன பண்ணும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. சைக்கிள் செயின்லேர்ந்து மிக்ஸி சுவிட்ச் வரைக்கும் தின்னுடும். விலை குறைஞ்ச ஸ்டிக்குகள்ல உள்ள இருக்கிறது பழைய ரேடியோ வால்யூம் திருகு மாதிரி ஒரு உரசற பாகம். அது தேஞ்சோ அழுக்கு ஏறியோ போச்சுன்னா நடு மையம் ஆடும். கையை எடுத்தாலும் கலம் தானா மெதுவா திரும்பிக்கிட்டே இருக்கும். சென்னையில இருக்கறவருக்கு ஹால் சென்சார் ஆடம்பரம். பழவேற்காடு ஏரி ஓரத்துல இருக்கறவனுக்கு அது சிக்கனம். பழைய ஸ்டிக் வாங்கறீங்கன்னா ஒரே ஒரு சோதனை: சொருகி, கையை எடுத்துட்டு, திரையில அந்தப் புள்ளி ஒரு நிமிஷம் அசையாம நிக்குதான்னு பாருங்க. நிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடுங்க.

கேம்பேட் மட்டும்தான் இருக்கா? அதுவும் ஆகும். கெர்பல் ஸ்பேஸ் ப்ரோக்ராம் மாதிரி விளையாட்டுல இடது குச்சியை நகர்த்தறதுக்கும் வலது குச்சியை திருப்பறதுக்கும் வச்சுக்கலாம். ஒரு எச்சரிக்கை. எக்ஸ்பாக்ஸ் வகை பேடுகள்ல முதுகுல இருக்கிற ரெண்டு ட்ரிகரும் பழைய டைரக்ட்இன்புட் முறையில பாத்தா ஒரே அச்சாத்தான் தெரியும். ரெண்டையும் சேர்த்து அழுத்தினா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். லாஜிடெக் எஃப்310 மாதிரி பேட்ல பின்னாடி ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதை டைரக்ட்இன்புட் பக்கம் தள்ளிட்டா ட்ரிகர் ரெண்டும் தனித்தனி பட்டனா ஆயிடும்.

இப்ப பொருத்தற வேலை. நான் சிபாரிசு பண்றது ஆர்பிட்டர். லண்டன்ல யூனிவர்சிட்டி காலேஜ்ல இருந்த மார்ட்டின் ஷ்வைகர்ங்கற ஆராய்ச்சியாளர் 2000-ல வெளியிட்டது. அன்னிலேர்ந்து இலவசம். 2021-ல மூல நிரலையும் திறந்து விட்டுட்டார். கதாநாயகன், வில்லன், துப்பாக்கி எதுவும் கிடையாது. நியூட்டன் மட்டும்தான். பழைய பதிப்புகள் பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடும். 2011-லேர்ந்து தமிழக அரசு பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குக் குடுத்த லேப்டாப் ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு, அதுல ஓடுது.

1) விண்டோஸ்ல கேம் கண்ட்ரோலர் ஜன்னலைத் திறந்து முதல்ல கேலிப்ரேட் பண்ணுங்க. சிமுலேட்டருக்குள்ள போய் பண்ணிக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க.

2) ஆர்பிட்டர் ஆரம்பிக்கிற பலகையில ஜாய்ஸ்டிக்னு ஒரு பக்கம் இருக்கும். அதுல உங்க ஸ்டிக்கைத் தேர்ந்தெடுங்க. த்ராட்டில் எந்த அச்சுன்னு கேக்கும், ஸ்லைடரைக் காட்டுங்க. தொடங்கும்போது த்ராட்டில் இருக்கிற நிலையைக் கண்டுக்காதேன்னு ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் பண்ணிடுங்க. இல்லைன்னா ஸ்லைடர் மேல இருந்தா, கதவு திறந்த உடனே எஞ்சின் எரிய ஆரம்பிச்சுடும்.

3) டெட் ஸோன். நடுவுல கை லேசா நடுங்கினா அதை அசைவா எடுத்துக்காம இருக்கிற இடம். ஸ்டிக்கை விட்டா புள்ளி ஆடாத அளவுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு, அதுக்கு மேல வேண்டாம். அதிகமா வச்சா ஸ்டிக் பாதி தூரம் செத்துப் போன மாதிரி இருக்கும். அப்புறம் திடீர்னு உயிர் வரும்.

4) நம்பர் பேடை இடது பக்கம் வச்சு, அதுல '/' தட்டினா திருப்பற மோடுலேர்ந்து நகர்த்தற மோடுக்கு மாறிக்கும். இப்ப இடது கை நகர்த்தும், வலது கை ஸ்டிக் திருப்பும். அப்போலோ ஏற்பாடு ரெடி. அதே பேட்ல நடு 5-ஐ தட்டினா சுத்தறதை கம்ப்யூட்டரே நிறுத்திக் குடுக்கும். ஆரம்பத்துல அதை நல்லா பயன்படுத்துங்க, வெட்கப்படாதீங்க.

5) மேசை உயரம். முழங்கை ரெண்டும் எங்கயாவது ஊன்றியிருக்கணும். மணிக்கட்டு மட்டும் வேலை செய்யணும். இதுக்கு தலகாணி போதும், பிரத்யேக நாற்காலி வேண்டாம்.

இதெல்லாம் செலவழிக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு செஞ்சு பாருங்க. ஸ்பேஸ்எக்ஸ் 2020-ல டிராகன் விண்கலத்தோட டாக்கிங் திரையை பிரவுசர்ல ஓடற விளையாட்டா வெளியிட்டாங்க. ஸ்டிக் கிடையாது, எல்லாம் தொடற பட்டன். நிஜ டிராகன்லயும் அப்படித்தான். 2020 மே மாசம் டெமோ-2 பயணத்துல டக் ஹர்லி தொடுதிரையிலயே கொஞ்ச நேரம் கையால ஓட்டிப் பாத்தார். அரை மணி நேரம் அதுல ஆடினா, உங்களுக்கு ஸ்டிக் வேணுமான்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.

சரி, கருவி ஆச்சு. கை பழகறதுக்கு என்ன பாடத்திட்டம்? நான் வேற எங்கயும் தேடல. ஏரிக்கு அந்தாண்ட இருக்கறவங்க போட்ட திட்டத்தையே எடுத்துக்கிட்டேன்.

2024 டிசம்பர் 30 ராத்திரி 10 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து பிஎஸ்எல்வி-சி60 கிளம்புச்சு. ஸ்பேடெக்ஸ். தலா சுமார் 220 கிலோ எடையில ரெண்டு செயற்கைக்கோள், ஒண்ணு துரத்தறது, ஒண்ணு காத்திருக்கிறது. இவங்க நேரா போய் ஒட்டிக்கல. 5 கிலோமீட்டர், ஒண்ணரை கிலோமீட்டர், 500 மீட்டர், 225 மீட்டர், 15 மீட்டர், 3 மீட்டர்னு ஒவ்வொரு இடத்துலயும் நின்னு, எல்லாம் சரியான்னு பாத்துட்டுத்தான் அடுத்தது. 2025 ஜனவரி 7-ம் தேதி வச்சிருந்ததைத் தள்ளிப் போட்டாங்க. 9-க்கு மாத்தினதும் நடக்கல, எதிர்பாத்ததை விட அதிகமா நகர்ந்து போச்சுன்னு நிறுத்தினாங்க. 12-ம் தேதி 3 மீட்டர் வரைக்கும் போய் தொடாம பின்னாடி வந்தாங்க. 16-ம் தேதிதான் ஒட்டினது. உலகத்துல இதைச் செஞ்ச நாலாவது நாடு.

மூணு மீட்டர் வரைக்கும் போயிட்டு திரும்பி வர்றதுக்கு எவ்வளவு பொறுமை வேணும் யோசிச்சுப் பாருங்க. உங்க பயிற்சியும் அதுதான். ஆர்பிட்டர்ல விண்வெளி நிலையத்துல ஒட்டியிருக்கிற கலத்தை கண்ட்ரோல்-டி தட்டிக் கழட்டுங்க. 500 மீட்டர் பின்னாடி போங்க. திரும்பி வாங்க. 225-ல நில்லுங்க. 15-ல நில்லுங்க. 3-ல நில்லுங்க. நிக்கறதுன்னா வேகம் சுழியம், கலம் நேரா, எந்தப் பக்கமும் நழுவாம. 3 மீட்டர்ல ஒரு நிமிஷம் நிக்கத் தெரிஞ்சவனுக்கு ஒட்டறது தானா வரும். நிக்கத் தெரியாதவன் பத்தாயிரம் ரூபா ஸ்டிக் வச்சிருந்தாலும் மோதுவான்.

மோதினதுக்கு நிஜ உதாரணமும் இருக்கு. 1997 ஜூன் 25. மிர் நிலையத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு வாசிலி சிப்லியெவ் ஒரு ப்ரோக்ரஸ் சரக்குக் கலத்தை ரெண்டு பிடியும் ஒரு டிவி திரையும் வச்சு தூரத்துலேர்ந்து ஓட்டினார். தானா தூரமும் வேகமும் சொல்ற ரேடார் அணைக்கப்பட்டிருந்துச்சு. திரையில மேகத்துக்கு நடுவுல நிலையம் சரியா தெரியல. கலம் ஸ்பெக்டர் பகுதியில மோதி காத்து கசிஞ்சு, அந்தப் பகுதியையே அடைச்சு மூட வேண்டியதாப் போச்சு. பிடியில கோளாறு இல்ல, கையிலயும் இல்ல. வேகம் சொல்ற கண்ணு இல்லாம போச்சு. அதனாலதான் சொல்றேன், ரெண்டாவது ஸ்டிக் வாங்கறதுக்கு முன்னாடி டாக்கிங் கருவியில நெருங்கற வேகத்தைப் படிக்கப் பழகுங்க.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. 1984 ஏப்ரல்ல நம்ம ராகேஷ் சர்மா தங்கியிருந்தாரே, அந்த சல்யூட்-7 நிலையம், 1985 பிப்ரவரில கரண்ட் போய் செத்துக் கிடந்துச்சு. அது எந்த சிக்னலும் குடுக்காது. ஜூன்ல விளாதிமிர் ஜானிபெகோவ் சோயுஸ் டி-13-ல போய், கையில பிடிச்ச லேசர் தூரமானியில தூரம் பாத்து, கையாலயே ஓட்டி ஒட்ட வச்சார். எல்லாமே தானா நடக்கும்போது ஸ்டிக் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு என் பதில் இவர்தான். ஸ்பேடெக்ஸ்ல மனுஷ கை இல்ல, ஒத்துக்கறேன். 2025 ஜூன் 26-ல சுபான்ஷு சுக்லா போன டிராகனும் தானாத்தான் ஒட்டுச்சு. ஆனா அவர் பைலட்டா பயிற்சி எடுத்துட்டுத்தான் போனார். தானியங்கி கை விடற நாளுக்குத்தான் கை பழகறது.

இனி வீட்டுக் கணக்கு. அக்கா பையன் பதினொண்ணாவது படிக்கிறான். ராக்கெட் கிளம்பினா வடகிழக்குல வெளிச்சம் ஏறும், ஒரு நிமிஷம் தாண்டித்தான் சத்தம் வந்து ஜன்னலை ஆட்டும். பிறந்ததிலேர்ந்து அவன் பாக்கறது இது. அங்க வேலைக்குப் போகணும்கிறான். ஸ்டிக் வாங்கற பேச்சு வந்தப்ப அக்கா வீட்டுக்காரர் ஒரே போடா போட்டார். "மச்சான், ராக்கெட் விடற அன்னிக்கு கடலுக்குப் போகாதேன்றான். ஒரு நாள் பொழைப்பு போவுது. இப்ப ராக்கெட் விளையாட்டுக்கு வேற நான் காசு குடுக்கணுமா?"

கேள்வியில நியாயம் இல்லாம இல்ல. டியூஷன் காசு ஒரு பக்கம், வலை காசு ஒரு பக்கம். அவர்கிட்ட போய் பெரிய த்ராட்டிலும் பெடலும் இல்லாம இது ஆகாதுன்னு சொல்ற ஆளு, அந்தப் பையனுக்கு கதவை சாத்தற ஆளு. இணையத்துல காஸ்ட்லி சாமான் லிஸ்ட் போடறவங்க மேல எனக்கு இருக்கிற கோவமே இதுதான். அவங்களுக்கு அது பொழுதுபோக்கு. இங்க அதைப் படிச்சுட்டு ஒருத்தன் "நமக்கெல்லாம் ஆகாது"ன்னு எழுந்து போயிடறான்.

பையன் இப்ப நம்பர் பேட்ல ஓட்டறான். ஸ்டிக் இன்னும் வரல, அது தீபாவளிக்குன்னு பேச்சு. போன வாரம் அப்பாகிட்ட ஜெமினி-4 கதையை சொல்லிக்கிட்டிருந்தான். 1965 ஜூன்ல ஜிம் மெக்டிவிட் தன்னோட ராக்கெட்டோட காலியான பகுதிகிட்ட போகணும்னு, மூக்கை அதுக்கு நேரா வச்சு எஞ்சினைத் தட்டினார். தட்டத் தட்ட அது தள்ளித்தான் போச்சு, எரிபொருள்தான் வீண். ஏன்னா வேகம் கூடினா சுற்றுப்பாதை பெருசாகும், ஒரு சுத்துக்கு நேரம் கூடும், நீ பின்தங்கிடுவே. முன்னாடி போறவனைப் பிடிக்கணும்னா முதல்ல வேகத்தைக் குறைச்சு கீழ இறங்கணும்.

மாமா வலையிலேர்ந்து தலையைத் தூக்காம சொன்னார்: "முகத்துவாரத்துல எங்க போகணுமோ அங்கயே படகு மூக்கை நீட்டினா அங்க போய்ச் சேருவியாடா? நீரோட்டம் எங்க இழுக்குதுன்னு பாத்துத்தான் திருப்பணும். இதுக்கு ஒருத்தன் வானத்துக்குப் போய் தெரிஞ்சுக்கணுமா?"

காசு விஷயத்துல அவர் இன்னும் இறங்கி வரல. ஆனா அந்தப் பையனுக்கு அன்னிக்கு ரெண்டு வாத்தியார் கிடைச்சாங்க. அதுக்கு ஆன செலவு ஒரு நம்பர் பேட்.

டிஸ்கி: ரெண்டு ஸ்டிக், பெடல், த்ராட்டில்னு எல்லாம் வச்சிருக்கிற மக்கள் தாராளமா பின்னூட்டத்துல வந்து கும்மலாம். ஒரே நிபந்தனை, 3 மீட்டர்ல ஒரு நிமிஷம் நின்னு காட்டிட்டு வாங்க :-)